காது திறக்கும் வயதில் இசை வேண்டும்

மதிப்பிற்குரிய காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

நம் ஊர் அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் மூன்றாண்டுப் படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள். சேர 12 வயது ஆகியிருக்க வேண்டும். பிள்ளைகள் எழுத்துக் கூட்டத் திணறுவதோ ஆறு, ஏழு வயதில். அந்த இடைவெளி பற்றியே இம்மடல்.

படிக்க வேண்டுமானால் முதலில் ஒலிகளைப் பிரித்துக் கேட்கத் தெரியவேண்டும். 'கல்' என்பதற்கும் 'கால்' என்பதற்கும் ஒரு மாத்திரைதான் வித்தியாசம். பல்லியும் பள்ளியும் காதில் ஒன்றாக விழுந்தால் எழுதும்போதும் ஒன்றாகிவிடும். வாசிக்கத் திணறும் பிள்ளைகள் பலருக்குத் தாளம் பிடிப்பதும் சிரமம் என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் உஷா கோஸ்வாமி நெடுங்காலமாக ஆராய்ந்து சொல்லிவருகிறார். 2014-இல் ஆய்வாளர் நினா கிரவுஸ் குழுவினர் லாஸ் ஏஞ்சலஸ் ஏழைப் பிள்ளைகளிடம் கண்டது இன்னும் முக்கியம்: ஓராண்டு இசைப் பயிற்சியில் மாற்றம் தெரியவில்லை, இரண்டாண்டு பயின்றவர்களின் மூளை, நெருங்கிய பேச்சொலிகளைத் தெளிவாகப் பிரித்தறிந்தது. ஆண்டுவிழாவுக்காக ஒரு மாதம் பாட்டுப் பழக்குவதெல்லாம் கணக்கில் வராது.

இசை கேட்டால் அறிவு பெருகும் என்று நான் சொல்லவில்லை. 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க நிதி கேட்டார். அவர் நம்பிய ஆய்வு நடந்ததோ கல்லூரி மாணவர்களிடம்; பலனும் கால் மணி நேரத்தைத் தாண்டவில்லை! கணக்கில் மதிப்பெண் ஏறும் என்று யாரேனும் உங்களிடம் திட்டம் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாட்டு உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் அங்கே பாட்டு பாடத்தை ஏற்றிவரும் வண்டி. தாளம் தப்பினால் யாரும் கவனிப்பதில்லை.

லயத்தில் பெயர்பெற்ற நாயனா பிள்ளையின் ஊர் இது. அவர் கச்சேரிகளைச் சிறுமியாகக் கேட்டு வளர்ந்த டி.கே.பட்டம்மாள்தான் பின்னாளில் மேடையில் பல்லவி பாடி வியக்கவைத்தார். அன்று அந்தக் கேள்வி ஞானம் சில வீடுகளுக்கே வாய்த்தது. தறிச் சத்தத்தில் வளரும் பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகளுக்கு இன்று அரசுப் பள்ளி வழியாகத்தான் அது கிடைக்க முடியும்.

கேட்பது சிறிது. இசைப்பள்ளியில் படித்து முடித்தவர்களையும் ஓதுவார்களையும் மதிப்பூதியம் தந்து, சில தொடக்கப் பள்ளிகளின் முதலிரண்டு வகுப்புகளுக்குத் தினம் இருபது நிமிடம் அனுப்புங்கள். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு. பிறகு சொற்கட்டு, பாட்டு. இரண்டாண்டு கழித்து, இசை வகுப்பு இல்லாத பள்ளிகளோடு வாசிப்புத் திறனை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். நான் மறுபடி மனு எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்