ஆலையா, காற்றாடியா?

பாறசாலையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் சாலை வழியே சுமார் 50 கிலோமீட்டர். ஜூன் மாதம் அரபிக் கடலிலிருந்து கிளம்பும் தென்மேற்குப் பருவக்காற்று இரண்டு இடங்களையும் தொட்டுத்தான் போகிறது. ஆனால் நடத்தை வேறு. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அது இடவப்பாதி. மழை கொடுப்பது அதன் வேலை. கணவாயில் மலைகளுக்கு இடையே நெருக்குண்டு, வேகம் கூடி வெளியே வரும்போது அதுவே ஆடிக்காற்று. அம்மியைப் பறக்கவிடும் அந்தக் காற்றில்தான் முப்பந்தலின் காற்றாலைகள் சுழல்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. அது மனிதர்கள் போட்ட எல்லை. காற்றுக்கு எல்லை போட்டது மலை.

நாகர்கோவிலைத் தாண்டிப் பயணம் செய்யும் எல்லையோரக் குடும்பத்துக்கு ரயில் ஜன்னலில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் தெரிகின்றன. நம் வீட்டு மாடியில் சிறிதாக ஒன்று வைத்தால் என்ன என்ற ஆசை இயல்பானது. 2016இல் அந்த ஆசைக்குப் பக்கத்திலிருந்தே ஒரு பதில் வந்தது. திருவனந்தபுரத்தில் அருண் ஜார்ஜ், அனூப் ஜார்ஜ் என்ற சகோதரர்கள் தொடங்கிய அவாண்ட் கார்ட் இன்னொவேஷன்ஸ் நிறுவனத்தின் சிறு காற்றாலை பற்றி நாடு முழுவதும் பத்திரிகைகள் எழுதின. விலை சுமார் 50,000 ரூபாய். ஒரு வீட்டுக்குப் போதும். நாளொன்றுக்கு 3 முதல் 5 யூனிட் மின்சாரம் என்றன செய்திகள். முதல் முன்னோடி அமைப்பு வெட்டுக்காடு மாதா தேவாலயத்தில் நிறுவப்பட்டது. வெட்டுக்காடு கடற்கரை ஊர் என்ற விவரம் மட்டும் அதிகம் பேருடைய கவனத்தில் பதியவில்லை.

விஷயம் அந்த விவரத்தில்தான் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகிறது. 2 மீட்டர் விட்டமுள்ள விசிறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தன்னைக் கடக்கும் சக்தியில் 30 சதவிகிதத்தை அது மின்சாரமாக்குவதாகவும் வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 6 மீட்டர் காற்றில் அது ஏறக்குறைய 120 வாட் கொடுக்கும். 3 மீட்டர் காற்றில் கிடைப்பது 15 வாட்: ஒரு எல்.இ.டி. பல்பும் ஒரு செல்போனும். எவ்வளவு கெட்டிக்காரப் பொறியாளரானாலும் இதைப் பெரிதாக மாற்ற முடியாது. எந்த இயந்திரமும் காற்றின் சக்தியில் 59 சதவிகிதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

தமிழில் நாம் 'காற்றாலை' என்கிறோம். ஆலை என்றதும் ஏதோ ஓயாமல் உற்பத்தி நடக்கும் இடம் என்ற நினைப்பு வருகிறது. மலையாளத்தில் 'காற்றாடி' என்று சொல்லிவிடுகிறார்கள். மாடியில் நிற்பது ஆலையா, குழந்தைகள் கையில் சுழலும் காற்றாடியா என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை, இடம் தீர்மானிக்கிறது.

நெய்யாற்றின்கரையின் இடம் எப்படிப்பட்டது? தென்னை, ரப்பர், பலா, நெருக்கமான வீடுகள். மரமும் சுவரும் காற்றைத் தடுப்பதோடு குழப்பியும் விடுகின்றன. சுற்றிலும் 100 மீட்டருக்குள் இருக்கும் எதையும்விட விசிறி குறைந்தது 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் பழைய விதி. தென்னை 20 மீட்டர் என்றால் கம்பம் 30 மீட்டர். கம்பம், இழுகம்பிகள், அஸ்திவாரம், இடிதாங்கி எல்லாம் சேர்ந்தால் செலவு இயந்திரத்தின் விலையைத் தாண்டிப் போகலாம். இங்கிலாந்தில் 2007-2008இல் கட்டடங்களின் மேல் பொருத்திய 26 சிறு காற்றாலைகளை ஓராண்டு கண்காணித்தார்கள். வார்விக் சோதனை என்று பெயர். சராசரியாக ஒரு காற்றாலை நாளொன்றுக்குக் கொடுத்தது கால் யூனிட்டுக்கும் குறைவு.

இதனால் சிறு காற்றாலையே வீண் என்று முடிவுகட்டுவது தவறு. 1920களில் அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தில் மார்செல்லஸ் ஜேக்கப்ஸ் தன் சகோதரர் ஜோவுடன் சேர்ந்து பண்ணைகளுக்காகச் சிறு காற்றாலை செய்யத் தொடங்கினார். மரமில்லாத சமவெளி, மின்கம்பி எட்டாத வீடுகள். ஆயிரக்கணக்கில் விற்றன. அரசு கிராமங்களுக்கு மின்கம்பி இழுத்ததும் வியாபாரம் படுத்தது. நெய்யாற்றின்கரை தாலுகாவிலும் பொழியூர், பூவார் போன்ற கடலோரங்களில் தடையில்லாத கடற்காற்று உண்டு. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்பதை மனதில் வைத்துச் செய்த இயந்திரம் அங்கே பலன் தரலாம். இடவப்பாதி மேகங்கள் சூரியத் தகட்டை மந்தமாக்கும் மாதங்களில் காற்று கைகொடுக்கும் என்பதும் நியாயமான வாதம்.

சிறு நிறுவனம் நடத்தும் பொறியாளருக்குத்தான் இங்கே தர்மசங்கடம். பெரிய நிறுவனம் கோடிக்கணக்கில் செலவிடுமுன் ஓராண்டு காற்றை அளக்கிறது. மொத்தத் திட்டத்தில் அது சில்லறைச் செலவு. 50,000 ரூபாய் இயந்திரம் விற்பவர் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி அளந்தால் லாபம் முழுவதும் அதிலேயே போய்விடும். அளக்காமல் விற்றால் நட்டம் வாங்கியவருக்கு. பெரிய நிறுவனத்தில் வடிவமைப்பவர் ஒருவர், விற்பவர் வேறொருவர். சிறு நிறுவனத்தில் இருவரும் ஒரே ஆள். "உங்கள் தோட்டத்தில் காற்று போதாது" என்று அவருக்குள் இருக்கும் பொறியாளர் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்க வேண்டிய முதலாளி அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சுமையைத் தனியாளின் மனசாட்சியிடம் மட்டும் விட்டுவிடுவது நியாயமில்லை. சென்னையிலுள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் வெளியிட்டிருக்கும் வரைபடங்கள் 100, 120, 150 மீட்டர் என்று பெரிய காற்றாலைகளுக்கான உயரத்தின் காற்றைக் காட்டுபவை. வீட்டுக் கம்பத்தின் உயரத்தில் என்ன வீசுகிறது என்பதே குடும்பத்தின் கேள்வி. பஞ்சாயத்துக்கு இரண்டு இடத்தில், கடலோரத்தில் ஒன்று, உள்ளே ஒன்று, அளவுகருவி வைத்து ஓராண்டுக் கணக்கைப் பொதுவில் வைப்பது கேரள அரசின் அனெர்ட் அமைப்புக்கு முடியாத காரியமல்ல. அந்தக் கணக்கு இருந்தால் நேர்மையான நிறுவனத்துக்கு அளக்கும் செலவு மிச்சம். மற்ற நிறுவனத்துக்கு ஒளிய இடமில்லை.

அதுவரை, நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்துப் பணம் புரட்ட நினைப்பவர் மூன்று கேள்விகள் கேட்கலாம். கயத்தாறு சோதனை நிலையம் போன்ற இடத்தில் இந்த இயந்திரம் சோதிக்கப்பட்டிருக்கிறதா? ஒரு கிலோவாட் என்பது எந்த வேகக் காற்றில்? என் வீட்டில், இந்தக் கம்பத்தில், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று எழுதித் தருவீர்களா? அதே ஒரு கிலோவாட்டுக்கு மாடியில் சூரியத் தகடு வைத்தால் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். மூன்றாவது பதிலை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.