பூனைக்குட்டிகளை எங்கள் கேற்றடியில் வைத்துவிட்டுப் போகும் உறவுகளுக்கு



எங்கள் வீட்டில் இப்போது ஒன்பது பூனைகள், ஒரு சோடி முயல், ஐந்து கோழிகள், கூரையில் வந்து தங்கும் சில புறாக்கள். இந்த ஒன்பது பூனைகளில் நாங்கள் விரும்பிக் கொண்டுவந்தது இரண்டுதான். மற்ற ஏழும் சொப்பிங் பேக்கிலும் பிஸ்கட் பெட்டியிலும் வந்தவை. பெரும்பாலும் மஃரிபுக்குப் பிறகுதான் கொண்டுவந்து வைக்கிறார்கள். காலையில் கேற்றைத் திறந்தால் சத்தம் கேட்கும்.

வைத்துவிட்டுப் போகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. "டீச்சர் வீட்ட நல்லாப் பார்ப்பாங்க" என்று நம்பித்தான் வைக்கிறார்கள். மீன் சந்தைக்குப் பின்னாலும் குப்பை மேட்டிலும் போடுவதை விட இது பரவாயில்லை என்று அவர்களுக்கு ஒரு ஆறுதல். அந்த ஆறுதலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

வந்த ஏழும் பிழைத்த ஏழு. பிழைக்காதவை எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. கண் திறக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்க வேண்டும். சூடு வேண்டும். அது தானாகச் சிறுநீர் கூடக் கழிக்காது. தாய் நக்கிவிடுவது போல ஈரத் துணியால் தடவிவிட வேண்டும். பசுப்பால் கொடுத்தால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டம் வந்து ஒரே நாளில் சுருண்டுவிடும். காலை 7.30க்கு பாடசாலையில் நிற்க வேண்டிய வீடு இது. எங்களால் முடிந்ததைச் செய்கிறோம். ஆனாலும் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரும் குட்டிகளில் பல எங்கள் கையிலேயே மவுத்தாகின்றன. கொண்டுவந்து வைத்தவருக்கு அது தெரியாது. "நல்ல வீட்டில் விட்டுட்டன்" என்று அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

இன்னொன்றும் கவனித்தோம். கேற்றடிக்கு வருபவை அநேகமாகப் பெட்டைக் குட்டிகள். கடுவனை வீட்டில் வைத்துக்கொண்டு பெட்டையை வெளியே விடுகிறோம். காரணம் எல்லோருக்கும் தெரியும். பெட்டை குட்டி போடும். ஆனால் வெளியே விட்ட பெட்டை குட்டி போடாமல் இருக்குமா? சுமார் ஒன்பது வாரத்தில் ஈனும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு மூன்று நான்கு குட்டிகள். பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடித்துவிடும். ஐந்து ஆறு மாதமான குட்டியே தாயாகிவிடலாம். ஆகவே இந்த வருடம் கொண்டுபோய் விட்ட ஒரு பெட்டைக் குட்டி அடுத்த வருடம் பத்துக் குட்டிகளாக அதே தெருவுக்குத் திரும்பி வருகிறது.

ஆசிரியர்கள் என்ற வகையில் எங்களுக்கு அதிகம் வலிப்பது பிள்ளைகளின் விடயம். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸை வகுப்பில் சொல்கிறோம். பிள்ளைகள் கண் கலங்கக் கேட்பார்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதையும் சொல்கிறோம். அடுத்த நாள் அதே பிள்ளையின் கையில் பையைக் கொடுத்து, "பீச்சில விட்டுட்டு வா" என்று வீட்டில் அனுப்புகிறார்கள். பை அசைந்துகொண்டிருக்கும். அந்தப் பிள்ளை எதைப் படிக்கும்? ஹதீஸ் பரீட்சைக்கு, பை வாழ்க்கைக்கு என்றுதானே படிக்கும்?

தாய்ப் பறவையிடமிருந்து குஞ்சுகளை எடுத்து வந்தவர்களிடம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை நாம் அறிவோம். பூனை அசுத்தமானதல்ல, உங்களைச் சுற்றிச் சுற்றி வரும் வீட்டார் போன்றது என்ற கருத்தில் அவர்கள் சொன்னதும் நமக்குத் தெரியும். வீட்டார் போன்றது என்றால் அதற்குச் சோறு மட்டும் போதாது. அதன் பிள்ளைகளுக்கும் நோய்க்கும் நாம்தான் பொறுப்பு.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். ஆறு மாதமானதும், முதல் குட்டி போடுவதற்கு முன்பே, கடுவனுக்கும் பெட்டைக்கும் கருத்தடை சத்திரசிகிச்சை. மிருக வைத்தியர் சொல்கிறபடி சிகிச்சைக்கு முன் பட்டினி போட்டு, பிறகு காயம் ஆறும் வரை பத்து நாளளவில் உலர்ந்த அறையில் வைக்கிறோம். கடுவன் அதன் பிறகு இரவில் சண்டைக்குப் போவதும் சுவரில் மூத்திரம் அடிப்பதும் பெருமளவு குறைந்தது. பக்கத்து வீட்டு மாமியின் முறைப்பாடும் குறைந்தது.

"இது அல்லாஹ்வின் படைப்பில் கைவைப்பதல்லவா?" என்று நல்ல எண்ணத்தோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. பெருகி, பட்டினியிலும் வாகனத்திலும் சாவதைத் தடுக்கும் தேவைக்காக அனுமதிக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். ஃபத்வா கொடுப்பது எங்கள் வேலையல்ல. உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். ஆனால் ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: "கருத்தடை செய்யலாமா?" என்பதோடு, "செய்யாமல் வைத்து, பிறக்கிற குட்டிகளைக் கொண்டுபோய்ப் போடலாமா?" என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்கு இரண்டு பதில் வரலாம். இரண்டாவதற்கு ஒரு பதில்தான் வரும்.

"மனிசருக்கே சாப்பாடு இல்லாத நேரத்தில் பூனைக்குச் செலவா?" இதுவும் நியாயமான கேள்வி. 2022 நெருக்கடியில் எங்கள் வீட்டிலும் மீன் வாங்குவது குறைந்தது. கேற்றடிக்கு வந்த குட்டிகளோ கூடின. அதனால்தான் சொல்கிறோம், எண்ணிக்கையைக் குறைப்பதே சிக்கனம். சத்திரசிகிச்சைக்கு ஒரு தடவைதான் செலவு. பத்துக் குட்டிகளுக்குச் சூடை மீனும் சோறும் ஒவ்வொரு நாளும் செலவு.

அடுத்தது நோய். விசர்நோய் நாய்க்கு மட்டும் வருவதல்ல, பூனைக்கும் வரும். மனிதருக்கு அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. வளர்ப்புப் பூனைக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு வருடா வருடம். கடித்தாலோ கீறினாலோ சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் ஒன்றும் பூச வேண்டாம். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். "வீட்டுப் பூனைதானே" என்று பிள்ளையின் காயத்தை மறைக்காதீர்கள்.

கர்ப்பிணிகள் உள்ள வீடுகளில் பூனையை விரட்ட வேண்டியதில்லை. அதன் மலத்தை வேறொருவர் தினமும் அகற்றினால் ஆபத்து பெருமளவு குறையும். மலத்தில் இருக்கக்கூடிய கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும். பூனைக்குக் காய்ச்சல் என்று பெனடோல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அரைக் குளிசையே அதைக் கொன்றுவிடும்.

தெரு நாய்களைக் கொல்வதை நம் நாடு 2006இல் நிறுத்தி, ஊசி, கருத்தடை என்ற வழிக்கு வந்தது. பூனையைப் பொறுத்தவரை அரசாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அது நம் அடுப்படியில் நிற்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் பக்கம் போல மதிலும் மதிலும் ஒட்டிய ஊர்களில் ஒரு வீட்டுப் பூனை என்று ஒன்று இல்லை. காலையில் ஒரு வீட்டில் தின்னும், பகலில் இன்னொரு வீட்டில் தூங்கும், மூன்றாவது வீட்டு அலுமாரிக்கடியில் குட்டி போடும். ஆகவே ஒரு வீடு மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை. தெருவே சேர வேண்டும்.

எங்கள் யோசனை சிறியது. ஒவ்வொரு மஹல்லாவிலும் பெட்டைப் பூனை உள்ள வீடுகளை ஒரு கொப்பியில் எழுதுவோம். அந்தப் பட்டியலோடு பள்ளி நிர்வாகத்தின் கடிதமும் கொண்டு அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஒரு நாள் கேட்போம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசர்நோய் ஊசிக்குக் கேட்போம். தனியாகப் போய்க் கேட்டால் "பார்ப்போம்" என்பார்கள். ஐம்பது வீட்டுப் பட்டியலோடு போனால் திகதி கேட்கலாம். வசதியுள்ளவர் ஒரு பூனைக்கும், பக்கத்து வீட்டுப் பூனைக்குமாகச் செலவைப் பொறுப்பேற்கலாம். அதுவும் ஸதகாதான்.

அதுவரை ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் குட்டி போட்டிருந்தால் எட்டு வாரமாவது தாயோடு விடுங்கள். அதற்குள் வளர்க்கக்கூடிய வீட்டைக் கேட்டு, அவர்களின் சம்மதத்தோடு கையில் கொடுங்கள். தாய்ப்பூனையை அடுத்த சினைக்கு முன் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். பையில் கட்டி இருட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், எங்கள் கேற்றடியிலும்.

எங்கள் வீட்டில் இதற்கு மேல் இடமில்லை. ஆனால் பகலில், கேற்றைத் தட்டி, "என்ன செய்யலாம்?" என்று கேட்டு வாருங்கள். வைத்தியரிடம் கூட வருவோம், கூண்டும் இரவல் தருவோம். எங்கள் தெருவுக்கு அந்தக் கொப்பியை நாங்களே தொடங்குகிறோம். உங்கள் தெருவுக்கு யார் எழுதுவது என்று கீழே சொல்லுங்கள்.