ஓய்வறியாக் கணனி

உலையேற்றாத அடுப்பிலே விறகை எரியவிடுவார் எவருமிலர். சோறு வெந்ததும் கொள்ளியை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைப்பதே நம் அடுக்களை வழக்கம். ஆனால், அறிவியலின் அற்புதமெனப் போற்றப்பட்ட கணனியோ நெடுங்காலம் இச் சிக்கனத்தை அறியாதிருந்தது.

1995ஆம் ஆண்டளவில் வீடுகளில் இருந்த கணனிகளை நினைவிற்கொண்டுள்ள நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். எழுதுவாரின்றித் திரை வெறுமனே கிடக்கும் வேளையிலும் பெட்டியின் பின்புறம் அனல் வீசும், விசிறி இரைந்துகொண்டேயிருக்கும். வேலையற்ற யந்திரத்துக்கு இவ்வெப்பம் எங்கிருந்து வந்தது?

கணனியின் மூளையெனத் தகும் புரோசசர், ஒரு கட்டளை முடிந்ததும் மறு கட்டளையை நாடுவது. அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டியது, அதனை ஆளும் பணிசெயல் முறைமையின் பொறுப்பாகும். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணனியோ, டொஸ் முறைமையின் கீழ், ஒருவர் விசையைத் தட்டும்வரை, "தட்டியாயிற்றா, தட்டியாயிற்றா" என்று ஓயாது பார்த்துக்கொண்டேயிருந்தது. கடிதத்தை எதிர்பார்ப்பவர் திண்ணையில் அமராது படலைக்கும் வாயிலுக்குமாக ஓடிக் களைப்பதை இது ஒக்கும். தபாற்காரரின் மணியோசை கேட்டபின் எழுந்து சென்றாற் போதாதா?

போதும், அதற்கு வழியும் இருந்தது. 1978இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8086 புரோசசரிலேயே, 'நில்' எனப் பொருள்படும் ஒரு கட்டளை உண்டு. அதைப் பெற்ற புரோசசர், விசைப்பலகையோ உள்ளிருக்கும் கடிகாரமோ மணியடித்தாற்போல அழைக்கும்வரை அசையாது நிற்கும். எனினும், அந்நாளைய புரோசசர்களின் வெப்பம் சொற்பமாதலின் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1993இல் வந்த பென்ரியமோ ஏறக்குறைய 15 வாற்று வெப்பத்தை உமிழ்ந்தது. அதன்பின் வந்த புரோசசர்கள், 'நில்' என்றதும் மின்னுகர்வைப் பெரிதும் குறைத்துக்கொள்ளும் வண்ணம் ஆக்கப்பட்டன.

அவ்வாறாயின், 1995 ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்த விண்டோஸ் 95 ஏன் அச்சொல்லைச் சொல்லவில்லை? மறதியென்றே பலர் கருதினர். 'மழை' என்றும் 'நீர்வீழ்ச்சி' என்றும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்களோடு சிறு மென்பொருள்கள் தோன்றி, அந்த ஒரு கட்டளையை இட்டுப் புரோசசரைக் குளிர்வித்தபோது, மைக்ரோசொப்ட் நிறுவனத்தாரை நகைத்தவர்களும் உளர்.

உண்மை வேறு. அந்நிறுவனப் பொறியியலாளர் ரேமண்ட் சென் பிற்காலத்தில் அதனை எழுதியிருக்கிறார். விண்டோஸ் 95 உருவாகும்போது அக்கட்டளை அதிற் சேர்க்கப்பட்டேயிருந்தது. ஆயின், சில வகை மடிக்கணனிகள் 'நில்' என்றதும் நின்றன, பின்னர் எழுந்திருக்கவேயில்லை! கணனியை அணைத்து மீண்டும் இயக்குவதன்றி வேறு வழியில்லை. எனவே அக்கட்டளை நீக்கப்பட்டது.

லினக்ஸ் முறைமை வேறொரு வழியை மேற்கொண்டது. அது புரோசசரை நிறுத்தியே வைத்தது. பழுதுள்ள யந்திரம் உடையோர் அதனைத் தவிர்க்குமாறு தொடக்கத்திலேயே பணிக்கலாம். இது அறிந்தவர்க்கு நல்ல வழிதான். ஆனால் கடையில் வாங்கிவந்து முதன்முதலாகக் கணனியின் முன் அமரும் ஒருவர் இதனை எங்ஙனம் அறிவார்? எழுதிய பக்கங்கள் சேமிக்குமுன் மறைந்துபோனபின் காரணத்தைத் தேடி யாது பயன்?

பலருக்குச் சிறிது வெப்பமும் மின்செலவும். சிலருக்கோ கைப்பொருள் அனைத்தும் நட்டம். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்தே அப்பொறியியலாளர்கள் தீர்மானித்தனர். சிலரைக் காத்ததை எவரும் அறியார்; பலர் பழித்ததையே உலகம் கேட்டது.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசொப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் மின்சிக்கனத்துக்குப் பொது விதிகளை வகுத்தன. 2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வீடுகளுக்கு வந்தபோது, ஓய்வு வேளையிற் புரோசசரை நிறுத்தும் வழக்கமும் உடன் வந்தது. இன்று நம் கையிலுள்ள தொலைபேசியும் ஒரு வினாடிக்குள் எத்தனையோ தடவை உறங்கி எழுகின்றது.

பிறர் செயலில் ஒரு குறை தென்படும்போது, 'இந்தச் சிறு விடயமும் தெரியாதா?' என்று கேட்க நாம் விரைகிறோம். தெரிந்தும் ஏன் விட்டனர் என்று கேட்பதே மேலானதென்பது நம் கருத்து.