பெட்டியின் மேல் 4கே, உள்ளே எத்தனை படி?



தீபாவளி, பொங்கல், முழுப் பரீட்சை லீவு என்று வந்துவிட்டால் நமது பாபநாசம் கடைத்தெருவில் டி.வி.யில் செருகி விளையாடும் வீடியோ கேம் பெட்டிகளுக்குக் கிராக்கி ஏற்படுகிறது. முன்பு டி.வி. கடையிலும் ஃபேன்சி ஸ்டோரிலும் மட்டும் இருந்த இந்தச் சரக்கு இப்போது மளிகைக் கடைகளின் முன்தட்டிலும் தொங்குகிறது. புளியும் பருப்பும் விற்கும் நமக்கு இது புதிய சரக்கு. விற்பதில் தவறில்லை. ஆனால் அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 4கே, 8கே என்பது என்ன அளவு என்று தெரியாமல் விற்பது, எடைக்கல் எத்தனை கிராம் என்று தெரியாமல் தராசைப் பிடிப்பதற்குச் சமம்.

விஷயம் சிரமமானதல்ல. டி.வி. திரை என்பது வரிசை வரிசையாக அடுக்கிய ஒளிப்புள்ளிகள். எச்.டி. ரெடி என்று விற்கும் சாதாரண 32 அங்குல டி.வி.யில் பெரும்பாலும் 1366 × 768, அதாவது சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். புல் எச்.டி.யில் 1920 × 1080, சுமார் 20.7 லட்சம். 4கே என்றால் 3840 × 2160, சுமார் 83 லட்சம். 8கே என்றால் 7680 × 4320, மூன்று கோடியே 31 லட்சத்துக்கு மேல். புள்ளிகள் கூடினால் படம் துல்லியமாகும் என்பது பொதுவிதி.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். திரை என்பது பாத்திரம்; கேம் பெட்டி அனுப்பும் படம்தான் சரக்கு. அண்டா பெரிது என்பதால் அதில் போட்ட ஒரு படி அரிசி பத்துப் படியாகிவிடாது. சினிமாப் படம் முன்பே எடுத்து வைத்தது. விளையாட்டில் அப்படியல்ல, ஒவ்வொரு படத்தையும் பெட்டி அந்த நொடியிலேயே கணக்குப் போட்டு வரைய வேண்டும். நொடிக்கு 60 படம் வீதம் 4கே வரைவதென்றால் நொடிக்கு ஏறத்தாழ 50 கோடி புள்ளிகள். அதற்கு விலையுயர்ந்த சில்லு வேண்டும், மின்சாரம் வேண்டும், சூடு தணிக்க விசிறி வேண்டும். ஆகவே தயாரிப்பாளர்கள் குறைந்த புள்ளிகளில் படத்தை வரைந்து, இடைப்பட்ட புள்ளிகளைக் கணக்கால் இட்டு நிரப்பிப் பெரிதாக்குகிறார்கள்.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. உயர்தெளிவுக் காலம் பிறந்துவிட்டது என்ற விளம்பரத்தோடு 2005-ல் வந்தது மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் எக்ஸ்பாக்ஸ் 360. உயர்தெளிவு என்று அன்று சொன்ன அளவு 1280 × 720. ஆனால் 2007-ல் அதற்கு வந்த பிரபலமான ஹாலோ 3 விளையாட்டு 1152 × 640 அளவில்தான் வரையப்பட்டது. கணக்குப் போட்டால் கிலோவுக்கு 800 கிராம். சோனியின் பிளேஸ்டேஷன் 5 பெட்டி 2020-ல் உலகச் சந்தைக்கும், 2021 பிப்ரவரியில் நம் நாட்டுக்கும் வந்தது. அதன் அட்டையில் 8கே என்று அச்சிட்டிருந்தார்கள். 2024-ல் அந்த எழுத்து அட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. இவை நல்ல சரக்குதான். விளையாடுகிறவர்கள் மகிழ்ச்சியோடு விளையாடுகிறார்கள். ஆனாலும் அட்டையில் இருக்கும் எண், பாத்திரத்தின் கொள்ளளவே தவிர உள்ளிருக்கும் சரக்கின் அளவல்ல என்பதற்கு இவை சாட்சி.

பெரியவர்கள் கதை இதுவென்றால், நம் முன்தட்டில் தொங்கும் மலிவுக் குச்சியின் கதையைக் கேட்க வேண்டுமா? 4கே என்றும், பத்தாயிரம் விளையாட்டு என்றும் போட்ட அந்தக் குச்சிகளுக்குள் இருப்பதில் பெரும்பகுதி, 1990-களில் நம் பிள்ளைகள் கேசட் செருகி விளையாடிய அதே பழைய விளையாட்டுகள். அந்த 8-பிட் மேரியோவின் படம் 256 × 240 புள்ளி, ஆக மொத்தம் 61,440. அதை 4கே திரையில் விரித்தால் ஒரு புள்ளி 135 புள்ளியாக நீட்டப்படுகிறது. ஒரு படி மோரில் 134 படி தண்ணீர் விட்டு, மொத்தத்தையும் மோர் என்று விற்பதற்கு என்ன பெயர்?

நம் பக்கத்து வீடுகளில் உள்ள டி.வி. என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2006 முதல் 2011 வரை அரசு வழங்கிய ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் கிராமங்களில் டி.வி. பார்க்கும் பழக்கத்தைப் பரப்பின. இன்று அந்த இடத்தில் பல வீடுகளில் 32 அங்குலம் இருக்கிறது. 32 அங்குலம் வரையிலான டி.வி.க்கும் வீடியோ கேம் பெட்டிக்கும் 2019 ஜனவரியில் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது. அதைவிடப் பெரிய டி.வி.க்கு 2025 செப்டம்பர் 22 முதல்தான் அந்தக் குறைப்பு. ஆகவே பெரிய திரைகள் இனி கூடலாம். ஆனாலும் 43 அங்குலத் திரையிலேயே ஐந்தரை, ஆறு அடி தள்ளி உட்கார்ந்தால் புல் எச்.டி.க்கும் 4கே-க்கும் உள்ள புள்ளி வித்தியாசத்தைச் சாதாரணக் கண்ணால் பிரித்தறிய முடியாது. எச்.டி. ரெடி டி.வி. வைத்திருக்கும் விவசாயக் கூலிக் குடும்பத்திடம் 4கே என்று சொல்லிக் கூடுதலாக 500 ரூபாய் வாங்கினால், அது அவர்களுக்குப் பயன்படாத பொருளுக்கு வாங்கிய பணம்.

இதில் நம் தலைக்கு வரும் ஆபத்தும் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரித்தவர் யாரென்று தெரியாத சரக்கால் கேடு விளைந்தால் விற்றவரே பொறுப்பு. தயாரிப்பாளர் தராத உறுதியை நாமாக வாயால் தந்தாலும் பொறுப்பு நம்முடையதே. பொட்டலப் பொருள் விதிகளின்படி பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரான நாடு எல்லாம் இருக்க வேண்டும். வீடியோ கேம் கருவிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம் என்ற ஆணை 2012-லேயே வந்தது. அனுமதியின்றி நகலெடுத்த விளையாட்டுகளைத் தெரிந்தே விற்றால் காப்புரிமைச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஒரு குச்சியில் கிடைக்கும் லாபத்துக்கு இது கட்டுபடியாகுமா?

"நாம் விற்காவிட்டால் ஜனங்கள் செல்போனில் வாங்கிக்கொள்வார்கள்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கத்தான் செய்வார்கள். ஆனால் செல்போன் கடைக்கு முகம் கிடையாது. ஏமாந்தவர் அதைத் திட்டிவிட்டு மறந்துவிடுவார். நம் கடையில் ஏமாந்தவர் மறுநாள் எண்ணெய் வாங்க அடுத்த கடைக்குப் போவார்; மாத மளிகைக் கணக்கும் அவரோடு போகும். விலையில் நம்மால் அவர்களோடு மோத முடியாது. "அந்தக் கடையில் சொன்னால் சொன்னதுதான்" என்ற பெயர் ஒன்றுதான் நம் கையிலுள்ள முதல்.

ஆகவே சில யோசனைகளை முன்வைக்கிறோம். பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இல்லாத பெட்டியை நம் மொத்த வியாபாரிகள் கொள்முதல் செய்யவே கூடாது. சில்லறைக் கடைக்காரர்கள் பில் இல்லாத சரக்கைத் தட்டில் தொங்கவிடக் கூடாது. டி.வி. விற்கும் உறுப்பினர்கள் 4கே, எச்.டி. என்று மட்டும் எழுதாமல், திரையின் உண்மையான புள்ளி அளவை பில்லில் எழுதித் தர வேண்டும். கேம் பெட்டி கேட்டு வருபவரிடம் முதலில் "வீட்டில் என்ன டி.வி., எத்தனை அடி தள்ளி உட்காருவீர்கள்?" என்று கேட்க வேண்டும். முடிந்தால் கடையிலேயே ஓட்டிக் காட்டி விற்க வேண்டும். வரும் கூட்டத்தில் சங்கம் இதைத் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

நம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. அதன் உயரத்தைப் பார்த்து எவரும் நெல்லுக்குப் பணம் கொடுத்ததில்லை. மரக்காலில் அளந்த பிறகே கொடுத்தார்கள். 4கே என்றாலும் 8கே என்றாலும் அந்த முறைதான். அளந்து காட்டுவோம், அளந்த அளவுக்கே விலை வாங்குவோம்.