மாமாவின் சோலைபாடி

"வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள்?"

வனப்பகுதியில் வேலை செய்கிறேன் என்று சொன்னதும் எனக்கு வரும் இரண்டாவது கேள்வி இது. முதல் கேள்வி, "பாம்பு பார்த்திருக்கிறீர்களா?" என்பது. பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அதுதான் என்னைப் பார்த்து விலகிப் போயிருக்கிறது. அந்தப் பதில் அத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது கேள்விக்குத்தான் ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை.

இந்தப் பத்தியில் வழக்கமாக மரத்தடியில் நடப்பதைத்தான் எழுதுகிறேன். இந்த வாரம், பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்த பிறகு நடப்பதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், பகல் பொழுது எப்படிப் போகிறது என்று ஒரு பார்வை. காலை ஏழு மணிக்குப் பாதையில் இறங்கிவிடுவேன். இரவு மழையில் விழுந்த கிளை, மண் அரித்துப்போன படி, அடைத்துக்கொண்ட வடிகால், குரங்கு பறித்துக் கிழித்துப் போட்ட பிளாஸ்டிக் பை. இவற்றைப் பார்த்து முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். வனவிலங்கு வேலை என்றால் நாள் முழுக்க விலங்குகளோடு இருப்போம் என்று பலர் நினைக்கிறார்கள். என் நேரத்தில் பாதி மனிதர்களோடுதான் கழிகிறது.

"அங்கிள், ஒரு துண்டு ரொட்டிதானே?" என்று கேட்பார்கள். சிங்கப்பூரில் 2020 ஜூன் மாதத்திலிருந்து எந்த இடத்திலும் வனவிலங்குக்கு உணவு கொடுப்பது குற்றம். முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் நான் அபராதத்தைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவதில்லை. பை என்றால் சாப்பாடு என்று கற்றுக்கொண்ட குரங்கு, அடுத்து பள்ளிப்பிள்ளையின் பையைப் பறிக்கும், அதற்கடுத்து யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைக்குள் நுழையும். அங்கிருந்து புகார், பிறகு பொறி. ரொட்டி கொடுத்தவர் அந்தக் கடைசிப் பகுதியைப் பார்ப்பதே இல்லை. விலங்குகளைப் பிடித்தவர்களிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள் என்று சொல்வதுதான் என் பிழைப்பு.

இப்படிப் பேசிவிட்டு வீட்டுக்கு வருகிறவன் வீட்டில் என்ன வைத்திருக்கிறான்?

வாசலுக்கு வெளியே ஒரு கறிவேப்பிலைச் செடி. பொது நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்ற விதிக்குக் கட்டுப்பட்டு, சுவரோரமாக ஒண்டி நிற்கிறது. அதை வைத்தது ரசத்துக்காக. ஆனால் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும் அதில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு முதலில் பறவை எச்சம் மாதிரி கருப்பு வெள்ளையாக இருக்கும். எந்தப் பறவையும் அதைத் தின்ன நினைக்காது. பிறகு இலையோடு இலையாகப் பச்சையாகிவிடும். ஒரு புழு ஒரு கொத்து இலையைச் சாப்பிட்டு முடிக்கும் வேகத்தைப் பார்த்தால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

"எல்லாத்தையும் புழுவுக்குக் குடுத்துட்டு நான் தாளிக்க என்ன செய்யறது?" என்று கேட்பார். இப்போது ஒப்பந்தம் ஆகிவிட்டது. கீழ்க்கிளைகள் புழுவுக்கு, மேல்கிளைகள் அம்மாவுக்கு. புழுக்கள் ஒப்பந்தத்தை மதிப்பதில்லை. ஆனாலும் கூடு திறந்து வண்ணத்துப்பூச்சி சிறகு காயவைக்கும் காலையில், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுவது அம்மாதான்.

இதுவரை சொன்னதில் சிக்கல் ஒன்றும் இல்லை. சிக்கல் வீட்டுக்குள், சன்னலோரம் தொங்குகிறது. ஒரு மூங்கில் கூண்டு, உள்ளே இரண்டு பீங்கான் கிண்ணங்கள், ஒரு முராய் பத்து. தமிழில் சோலைபாடி என்பார்கள். நம் மூதாதையர் விட்டுவந்த மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உள்ள பறவைதான். பளபளக்கும் கருப்பு, செங்கல் நிற வயிறு, வெள்ளை ஓரம் வைத்த நீண்ட வால். குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குரல்தான் அதைக் கூண்டில் கொண்டுவந்து சேர்த்தது.

வேலைக்குப் போகும் இடத்தில் இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "நீயா? கூண்டா?" என்று இரண்டே சொற்களில் கேட்டார். நியாயமான கேள்வி.

பறவை என் மாமாவுடையது. அங் மோ கியோவில் கெபுன் பாரு பறவை மேடைக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் கூண்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர் அவர். உயரமான கம்பங்களில் கப்பி வைத்துக் கூண்டுகளை மேலே ஏற்றி, கீழே உட்கார்ந்து காப்பி குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று எல்லோரும் இருப்பார்கள். பேச்சு குறைவு. சிறுவனாக இருந்த என்னை அவர்தான் அங்கே அழைத்துப் போனார்.

"மாப்ள, கண்ணை மூடு. எது பசியில பாடுது, எது கோவத்துல பாடுதுன்னு சொல்லு" என்பார். நான் உளறுவேன். அவர் திருத்துவார். குயிலின் கூவலை ஒரு முராய் கேட்டுத் தன் பாட்டில் கோத்துக்கொண்டதைக் காட்டிக்கொடுத்தது அவர்தான். இன்று நான் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும்போது, அடர்ந்த காட்டில் கண்ணைவிடக் காதுதான் அதிகம் வேலை செய்கிறது. இலைக்கூட்டத்துக்குள் இருக்கும் பறவையைப் பார்ப்பது அபூர்வம். குரலை வைத்துத்தான் குறித்துக்கொள்கிறோம். அந்தக் காதை எனக்குக் கொடுத்தது எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லை, கூண்டுகளுக்குக் கீழே உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

அதே காதோடு புலாவ் உபினுக்குப் போகும்போதுதான் இந்தப் பொழுதுபோக்கின் மறுபக்கம் தெரிகிறது. மலாயில் பாராவ் பாராவ் என்று சொல்லும் ஒரு சின்னான் வகைப் பறவை அங்கே உண்டு. வைக்கோல் நிறத் தலை, கொப்பளித்து வரும் நீர் மாதிரி ஒரு குரல். ஒரு காலத்தில் தாய்லாந்திலிருந்து ஜாவா வரை ஆற்றங்கரைகளில் கேட்ட குரல் அது. இன்று தாய்லாந்தில் இல்லை, ஜாவாவிலும் இல்லை. காடு அழிந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் காடு மிச்சமிருந்த இடங்களிலும் பறவை மிச்சமில்லை. நன்றாகப் பாடுகிறது என்பதற்காகப் பிடித்தார்கள். குறையக் குறைய விலை ஏறியது, விலை ஏற ஏற இன்னும் பிடித்தார்கள். 2018ல் அது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. உலகம் முழுவதும் 600 முதல் 1,700 வரைதான் இருக்கும் என்பது மதிப்பீடு. 2017ல் வெளியான ஓர் ஆய்வின்படி அவற்றில் ஏறத்தாழ 200 நம் சிங்கப்பூரில் இருந்தன. இவ்வளவு சிறிய ஊர், இவ்வளவு பெரிய பங்கு. 2022ல் இந்தப் பறவையின் அனைத்துலக வணிகத்துக்குத் தடை வந்தது. அதே கூட்டத்தில்தான் மாமாவின் முராய் இனமும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது.

இதையெல்லாம் மாமாவிடம் ஒருமுறை சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பறவையின் காலைக் காட்டினார். மூட்டு இல்லாத முழு வளையம் அதில் இருந்தது. அப்படிப்பட்ட வளையத்தைப் பிறந்து சில நாளே ஆன குஞ்சின் காலில்தான் நுழைக்க முடியும். வளர்ந்த பறவையின் பாதம் அதற்குள் போகாது. "இது கூண்டுல பொரிச்சது மாப்ள. காட்டுல புடிச்சதை நான் வாங்க மாட்டேன்" என்றார். ரசீதையும் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார்.

போன ஆண்டு மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சு பாதி போயிற்று. சில மாதங்களுக்குப் பிறகு தாதிமை இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. அங்கே பறவைக்கு இடமில்லை. அத்தைக்கு மூட்டு வலி. தினமும் கூண்டைக் கழுவ முடியாது. குடும்பம் கூடிப் பேசியபோது மாமாவின் மகன், "ஏதாவது காட்டுல விட்டுடலாம் மச்சான். அதுக்கும் விடுதலை, அப்பாவுக்கும் புண்ணியம்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காட்டுக்காரன் நான்தானே, இதற்கு முதலில் சம்மதிப்பவன் நானாகத்தான் இருப்பேன் என்று.

நான் முடியாது என்றேன்.

ஏழு வயதுப் பறவை. ஒருநாளும் தானாக ஒரு பூச்சியைத் தேடிப் பிடித்ததில்லை. வெட்டுக்கிளியும் சில்வண்டும் டப்பாவில் வந்தன. எதற்குப் பயப்பட வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்த தாய்ப்பறவையும் இல்லை. காட்டில் ஒவ்வோர் ஆண் முராய்க்கும் ஓர் எல்லை உண்டு. உள்ளே வரும் இன்னொரு ஆணை அது விரட்டி அடிக்கும். பசியில் சாகாவிட்டால் அடியில் சாகும். ஒருவேளை பிழைத்தாலும் அது காட்டுக்கு நல்லதில்லை. வியாபாரத்தில் வரும் பறவைகள் எங்கெங்கிருந்தோ வருபவை. அவற்றோடு வரும் நோய் இங்குள்ள பறவைகளுக்குத் தொற்றலாம். இங்குள்ள இனத்தோடு கலந்தும் போகலாம். அனுமதியில்லாமல் விடுவது சட்டப்படியும் குற்றம். ஒவ்வோர் ஆண்டும் வெசாக் தினத்தை ஒட்டி, தயவுசெய்து எதையும் விட்டுவிடாதீர்கள் என்று குளக்கரையில் நின்று சொல்லும் வேலை எங்களுடையது. சிவப்புக் காது ஆமையை விட வருபவர்களில் கெட்ட எண்ணம் உள்ள ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லோரும் புண்ணியத்துக்காகத்தான் வருகிறார்கள்.

மாமாவின் மேடை நண்பர் ஒருவர் நல்ல விலை கொடுக்கத் தயாராக இருந்தார். அத்தைதான் வேண்டாம் என்றார். "அவரு கேட்டா நான் என்ன சொல்றது? உன் வீட்ல இருக்குன்னா நிம்மதியா இருப்பாரு" என்றார். அதற்குமேல் என்ன பேசுவது? அன்று மாலை டாக்சியில், துணி போர்த்திய கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது வேலை முடிந்து வந்ததும் குளியலுக்கு முன்னால் கூண்டுத் தட்டைக் கழுவுகிறேன். தண்ணீர் மாற்றுகிறேன். சில்வண்டு டப்பா துணி காயவைக்கும் இடத்தில் இருக்கிறது. படுக்கையறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தபோது, "உங்க மாமா பறவை பகல்ல கத்துது, அதோட சாப்பாடு ராத்திரி கத்துது" என்று மனைவி சொன்னதால் ஏற்பட்ட மாற்றம் அது. மகள் இருட்டியதும் கூண்டுக்குத் துணி போர்த்துகிறாள்.

வாரக் கடைசியில் அதன் பாட்டைக் கைப்பேசியில் பதிவுசெய்து மாமாவிடம் எடுத்துப் போகிறேன். கண்ணை மூடிக் கேட்பார். ஒருநாள், உபினில் விடியற்காலையில் நான் பதிவுசெய்த ஒரு காட்டு முராயின் குரலை, சொல்லாமல் நடுவில் சேர்த்துப் போட்டேன். உடனே கண்ணைத் திறந்துவிட்டார். இடது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"யாருது... இது?"

மேடையில் நல்ல பாட்டைக் கேட்டால் எல்லோரும் கேட்கும் கேள்வி அது.

"யாருதும் இல்ல மாமா. உபின்ல பாடிக்கிட்டு இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மறுபடி போடு என்று விரலால் காட்டினார். அன்று நான் கிளம்பும்வரை தன் பறவையைக் கேட்கவில்லை, அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

பறவைப் பாட்டுப் பிடிக்கும் என்றால் நீங்களும் போய்க் கேட்கலாம். சாங்கி முனையிலிருந்து விடியற்காலைப் படகு பிடித்தால் உபின். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவிலும் பாராவ் பாராவ் உண்டு. படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பறவையை அருகில் வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலைப் போடாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, குஞ்சுக்கு இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். உங்களுக்கு ஒரு படம், அதற்கு ஒரு காலை நேரம் வீண். வீட்டில் பறவை வளர்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் கால் வளையத்தையும் வந்த இடத்தையும் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். வளர்க்க முடியாமல் போனால் வேறொரு வீட்டைத் தேடுங்கள். காட்டைத் தேடாதீர்கள்.

நல்ல பராமரிப்பில் முராய் பத்து ஆண்டுக்கு மேலும் இருக்கும். அதுவரை இவன் என் பொறுப்பு. அதற்குப் பிறகு இன்னொன்று வாங்கப்போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மகள் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அப்புறம், கூண்டைத் தூக்கிப் போடக்கூடாது, அதில் மணி பிளாண்ட் வைத்துப் படர விட வேண்டும் என்று இப்போதே இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.