சீனியை விரட்டுகிறோம், உப்பை ஊட்டுகிறோம்!

சீனியைப் பற்றிப் பேசாத பள்ளி இன்று நாட்டில் இல்லை எனலாம். சபைக்கூடலில் பேசுகிறோம், நலக்கல்விப் பாடத்தில் பேசுகிறோம், வாசலில் பதாகை கட்டுகிறோம். அரசும் 1.7.2019 முதல் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது. நல்லதுதான். இனிப்பு நீர் நம் குடும்பங்களை எப்படி வாட்டுகிறது என்பதை அறியாதவர் இல்லை.

ஆனால், அதே பள்ளியில் ஓய்வு நேர மணி அடித்ததும் சிற்றுண்டிச்சாலையில் என்ன நடக்கிறது? மீ கோரேங், அதன்மேல் தாராளமாய் சில்லி சாஸ். பொரித்த சோசேஜ். கோழிச்சாற்றுக் கட்டியைக் கரைத்த மீ சூப். போதாக்குறைக்கு மேசைக்கு மேசை கிச்சாப்புப் புட்டி. சீனிக்குக் கதவை அடைத்த நாம், உப்பை முன்வாசல் வழியாகவே அழைத்து வந்து அமர வைத்திருக்கிறோம்!

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு எழும். "சின்னப் பிள்ளைகளுக்கு என்ன இரத்தக் கொதிப்பு, ஐயா? வெயிலில் ஓடியாடி வியர்க்கிற பிள்ளைக்கு உப்பு வேண்டாமா?" படித்த பெற்றோரும் கேட்கிறார்கள், ஆசிரியர் அறையிலும் இதே குரல்தான்.

வேண்டும்தான். நரம்பு இயங்கவும் தசை சுருங்கி விரியவும் சோடியம் தேவை. அந்தத் தேவைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் சோடியமே போதும். அதாவது கால் தேக்கரண்டி உப்பு. உடற்கல்விப் பாடத்தில் வியர்வையாய்ப் போவதை வழக்கமான ஒரு வேளைச் சாப்பாடே ஈடுகட்டிவிடும். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று பழமொழி சொன்னது உண்மை. எத்தனை கரண்டி என்று அது சொல்லவில்லையே!

பெரியவர்கள் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு அதனினும் குறைவு. 2019-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் வகுத்த வரம்பு 4 முதல் 8 வயது வரை 1,500 மில்லிகிராம். 9 முதல் 13 வயது வரை 1,800. நாம் எங்கே நிற்கிறோம்? 2017-2018இல் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய உப்பு ஆய்வில், பெரியவர் ஒருவர் சராசரியாக நாளுக்கு 7.9 கிராம் உப்பு உண்பது தெரிய வந்தது. பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வரம்பைத் தாண்டியிருந்தனர். அந்தப் பெரியவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். நேற்று நம் வகுப்பில் அமர்ந்திருந்தவர்கள்தாம்.

குருதியில் சோடியம் மிகுந்தால் அதைச் சமன்செய்ய உடல் நீரைப் பிடித்து வைக்கிறது. குருதியின் அளவு கூடி, நாளங்களின் சுவரில் அழுத்தம் ஏறுகிறது. மிகுதியை வெளியேற்றும் சுமை சிறுநீரகத்தின்மேல் விழுகிறது. இளமையில் உயர்ந்த இரத்த அழுத்தம் பெரியவரான பின்னும் தொடரும் வாய்ப்பு அதிகம். நாக்கும் அப்படியே. ஏழு வயதில் எந்தச் சுவைக்குப் பழகுகிறதோ, அதையே எழுபதிலும் தேடும். ஆயினும், உப்பைக் குறைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் நாக்கு புதிய சுவைக்குப் பழகிவிடுகிறது என்பது ஆறுதல்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களை வீட்டிலிருந்து பொட்டல உறைகளைக் கொண்டுவரச் சொன்னேன். 'உப்பு எவ்வளவு என்று பாருங்கள்' என்றேன். ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. காரணம், ஊட்டச்சத்து அட்டவணையில் உப்பு என்ற சொல்லே இல்லை! சோடியம் என்றிருக்கும், மலாயில் நாட்ரியம் என்றிருக்கும். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஒரு மாணவி கொண்டுவந்த உடனடி மீ உறையில் 1,200 மில்லிகிராம் சோடியம். பெருக்கினார்கள்: 3 கிராம் உப்பு. அவளுடைய ஒரு நாள் வரம்பில் மூன்றில் இரண்டு பங்கு. "என் தம்பிக்கு, சார்?" என்றாள். தம்பிக்கு ஏழு வயது. ஐந்தில் நான்கு பங்கு. தசமப் பெருக்கலை இவ்வளவு ஆர்வத்தோடு அவர்கள் செய்து நான் பார்த்ததில்லை.

இடையில் ஒரு செய்தி. அஜினோமோட்டோவைக் கண்டு அலறும் பெற்றோர் பலர், இந்துப்பை நல்ல விலை கொடுத்து வாங்குகின்றனர். எடைக்கு எடை பார்த்தால் அஜினோமோட்டோவில் உள்ள சோடியம் உப்பில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இந்துப்போ பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடு. நிறம் மட்டுமே வேறு. புலனத்தில் வருவதையெல்லாம் மருத்துவம் என்று நம்பும் காலம் இது!

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. தீபாவளி நெருங்கினால் வசதி குறைந்த மாணவர்களுக்கு அன்பளிப்புப் பை தருகிறோம். பள்ளிகள் தருகின்றன, இயக்கங்கள் தருகின்றன, நிழற்படமும் எடுத்துக்கொள்கிறோம். பைக்குள் அரிசி, எண்ணெயோடு உடனடி மீ, சார்டின் டின், கிச்சாப்பு. கொடுக்கும் மனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால், தாயும் தந்தையும் இரவு வேலைக்குச் சென்றுவிடும் வீட்டில் அந்த மீயைச் சமைப்பவன் பத்து வயதுச் சிறுவன். தூள் முழுவதையும் கொட்டுவான். சாற்றையும் மிச்சம் வைக்காமல் குடிப்பான். ஒரு முட்டை கிடைத்தால் அன்று அவனுக்கு நல்ல நாள். அதே வீட்டில் தாத்தா வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மையத்துக்குப் போய்வருகிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்கள். இப்படி உப்பிட்டவரை அந்தச் சிறுவன் எப்படி நினைப்பான்? அதே பணத்துக்குப் பருப்பும் பச்சைப் பயறும் கொண்டைக்கடலையும் வாங்கலாமே! அவையும் மாதக்கணக்கில் கெடாதவை.

சிற்றுண்டிச்சாலை நடத்துநரை மட்டும் திட்டுவதும் முறையன்று. இரண்டு வெள்ளிக்கு ஒரு தட்டு கொடுக்க வேண்டியவர் அவர். சுவைக்கு மலிவான வழி உப்புதான். ஒப்பந்தத்தில் நாம் எழுதாததை அவர் எப்படிச் செய்வார்? அண்டை நாடான சிங்கப்பூர், சாஸ் வகைகளுக்கும் உடனடி மீக்கும் சோடியத் தர முத்திரையை 2027 நடுவில் கொண்டுவருவதாக 2024-இலேயே அறிவித்தது. நம் பள்ளிக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மேசைப் புட்டிகளை எடுத்துவிட ஒரு தீர்மானம் போதும். கட்டிக்குப் பதில் எலும்பும் வெங்காயமும் செலரியும் போட்டுச் சூப்பு வைக்க, வாடகையில் சிறு சலுகை கொடுத்தால் முடியும்.

எங்கள் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இந்த இரண்டையும் முன்வைக்கப் போகிறேன். அன்பளிப்புப் பையின் பட்டியலையும் சேர்த்துத்தான். மறுப்பவர்கள் தாராளமாக வரலாம். பொட்டல உறைகளை நான் கொண்டுவருகிறேன்.