மாத்திரையும் வெபினாரும்

2019 ஜூன் மாதம் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. சுமார் நூறு பெண்களிடம் பேசி எழுதிய செய்தி. மாதவிடாய் வலி தாங்கவில்லை என்று சொன்னால் வேலையிடத்திலேயே ஒரு மாத்திரை கையில் வரும். அதில் பெயர் இருக்காது, காலாவதித் தேதி இருக்காது. கொடுப்பவர் பெரும்பாலும் டாக்டரோ நர்ஸோ இல்லை. முழுங்கிவிட்டு மெஷினுக்குத் திரும்ப வேண்டியதுதான். அது என்ன மாத்திரை என்று பார்த்ததில் இபுப்ரோஃபென் வகை வலிநிவாரணி என்று தெரிந்தது.

மாத்திரையைத் திட்டுவது என் நோக்கமில்லை. கருப்பையின் உட்சுவர் உரியும்போது ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து தசையை இறுக்குகிறது. அந்த இறுக்கம்தான் வலி. இபுப்ரோஃபென் அந்தச் சுரப்பைக் குறைக்கும். டாக்டர் எழுதிக் கொடுப்பதும் பல நேரம் இதேதான். ஆனால் டாக்டர் கொடுக்கும்போது வயிற்றுப்புண் இருக்கா, கிட்னியில் பிரச்சினை இருக்கா, சாப்பிட்டாச்சா என்று கேட்பார். மாதாமாதம் இப்படி வலித்தால் எண்டோமெட்ரியோசிஸாக இருக்குமோ என்று ஸ்கேனுக்கு அனுப்புவார். லைனில் கொடுப்பவருக்கு ஒரே கேள்விதான்: எத்தனை நிமிஷத்தில் மறுபடி உட்காருவ? இங்கே மாத்திரையின் அளவைத் தீர்மானிப்பது நோய் இல்லை, அன்றைய டார்கெட்.

நான் இருப்பது விளாங்குடி. மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோடு எங்கள் ஏரியா வழியாகத்தான் போகிறது. இருட்டு விலகும் முன்னே மில் வேன் வந்து நிற்கும். எங்கள் தெருவிலிருந்து அதில் ஏறும் ஒரு அக்காவிடம், வலிக்கும்போது லீவு போட மாட்டீங்களா என்று கேட்டேன். "ஒரு நாள் போட்டா ஒரு நாள் சம்பளமா போகுது? அட்டெண்டன்ஸ் போனஸும்ல சேந்து போகுது. அதுக்கு வலியவே தாங்கிக்கிரலாம்த்தா" என்றார். விடுப்புக் கொள்கை, பாலினச் சமத்துவம் என்று நாம் எழுதும் எல்லாவற்றையும் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முழு மாதம் வந்தால்தான் போனஸ் என்ற விதியை எழுதியவர் மனதில் இருந்த உடம்புக்கு மாதவிடாய் வராது.

சரி, இது மில் கதை, ஐ.டி.யில் நாகரிகமானவர்கள் இருக்கிறார்கள் என்று நினைப்பவர்களுக்காக அடுத்தது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் பெண்களின் ஹார்மோன் நலம் பற்றி வெபினார் வைத்தார்கள். பேசியவர் வெளிநாட்டில் இருந்ததால் நமக்கு ராத்திரி ஒன்பது மணி. தூக்கம் ஏன் முக்கியம், அது கெட்டால் கார்டிசால் எப்படி ஏறும், அதனால் சைக்கிள் எப்படித் தள்ளிப்போகும் என்றெல்லாம் படம் போட்டு விளக்கினார். நன்றாகவே பேசினார். முடிந்ததும் எங்கள் டீமில் பாதிப்பேர் ராத்திரி ரிலீஸ் காலுக்குப் போனோம். மறுநாள் மேசையில் எள்ளுருண்டையும் ஆளிவிதைப் பொட்டலமும் இருந்தன. எள்ளுருண்டை நல்ல எள்ளுருண்டை, குறை சொல்லக் கூடாது.

மில்லில் கொடுத்த மாத்திரைக்கும் எனக்குக் கொடுத்த ஆளிவிதைக்கும் விலையில்தான் வித்தியாசம். இரண்டுமே, வேலை இப்படியேதான் இருக்கும், உன் உடம்பை நீ சரிபண்ணிக்கொள் என்கின்றன.

இந்தத் தர்க்கத்தை அதன் போக்கிலேயே விட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் இருக்கிறது. அங்கிருந்து கரும்பு வெட்டப் போகிறவர்கள் புருஷன் பொண்டாட்டி இருவரும் சேர்ந்து ஒரு கூலிக் கணக்கு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிடாயே இல்லாமல் போனால் அபராதமும் இல்லை. இதோடு பயமுறுத்திக் கத்தியைத் தூக்கும் தனியார் டாக்டர்களும் சேர்ந்தார்கள். 2019இல் மாநில அரசு அமைத்த குழு ஏறத்தாழ 82,000 பெண்களிடம் கணக்கெடுத்தது. அதில் 13,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. முப்பதுகளில் இருந்தவர்களும் அதில் உண்டு. என் வயசு.

ஹார்மோன் என்றதும் எல்லோரும் மாதவிடாய் விடுப்புக்கு ஓடிவிடுகிறார்கள். அதற்கு நானும் வருகிறேன். ஆனால் மாதத்தில் அந்த இரண்டு நாள் மட்டுமா ஹார்மோன்? தைராய்டு வருஷம் முழுக்க இருக்கிறது. நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பி.சி.ஓ.எஸ். இருப்பவருக்குப் பிரச்சினையே பல மாதம் மாதவிடாய் வராததுதான். (அதில் கட்டியும் கிடையாது. முழுசாக வளராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகளைத்தான் ஸ்கேனில் பார்த்துக் கட்டி என்கிறார்கள். அந்தப் பெயரை வைத்துக் 'கரைக்க' எத்தனை கஷாயம் விற்கிறது!) அவர் எந்த நாளில் விடுப்பு எடுப்பார்? அவருக்கு வேண்டியது ஒழுங்கான நேரத்தில் தூக்கமும் சாப்பாடும். இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007லேயே சேர்த்துவிட்டது. 2019இல் மறுபடி ஆராய்ந்தும் அதே பட்டியலில்தான் வைத்தது. இதை எந்த எச்.ஆர். மெயிலிலும் நான் படித்ததில்லை.

மெனோபாஸ் பற்றியோ பேச்சே இல்லை. நூற்பு மில்லில் நூல் அறுந்துவிடாமல் இருக்க உள்ளே ஈரப்பதத்தை வேண்டுமென்றே ஏற்றி வைப்பார்கள். வெளியே மதுரை வெயில், உள்ளே அந்தப் புழுக்கம். அதற்குள் நாற்பத்தேழு வயதுப் பெண்ணுக்குத் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை அனல் ஏறுகிறது. இரவெல்லாம் வியர்த்துத் தூங்காமல் வந்திருப்பார். அவர் எங்கே போய் நிற்பார்? பிரிட்டனில் மெனோபாஸின் தொந்தரவுகள் கடுமையாக இருந்தால் அதைச் சமத்துவச் சட்டப்படி உடல்குறைபாடாகக் கருதி வேலையிடத்தை மாற்றித் தரவேண்டி வரலாம் என்று அங்குள்ள மனித உரிமை ஆணையம் 2024இல் முதலாளிகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. நம் ஊரில் ஒரு ஸ்டூலுக்கே சட்டம் தேவைப்பட்டது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போனால் பாருங்கள். சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் சேலைக்கட்டு உட்கார்ந்திருக்கிறது.

இனி, எப்போதும் வரும் எதிர்வாதம். விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இந்தக் கவலையைச் சொல்லி, மாதிரிக் கொள்கை வகுப்பது பற்றி முடிவெடுக்கும்படி ஒன்றிய அரசிடம் விட்டது. இதை நான் சும்மா தள்ளிவிடவில்லை. கல்யாணம் எப்போ என்று இண்டர்வியூவில் கேட்கப்பட்டவள் நான். ஆனால் பிகாரைப் பாருங்கள். 1992லிருந்து அங்கே அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு உண்டு. அதே மாநிலம் 2016இல் அரசு வேலைகளில் பெண்களுக்கு 35 சதவீத இடஒதுக்கீட்டையும் கொண்டுவந்தது. விடுப்புக் கொடுத்ததால் அரசாங்கம் பெண்களைக் கண்டு அலறி ஓடிவிடவில்லை. அரசு வேறு தனியார் வேறு என்பீர்கள். உண்மைதான், தனியாரில் அந்த ஒரு நாள் சம்பளம் முதலாளியின் பையிலிருந்து போகிறது. 2025இல் கர்நாடக அமைச்சரவை தனியாருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 12 நாள் என்று ஒப்புதல் கொடுத்ததும் எழுந்த முணுமுணுப்பு அதற்காகத்தான். அப்படியானால் பிரச்சினை பெண்ணின் உடம்பு இல்லை, யார் பணம் கொடுப்பது என்பது. அந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் எப்போதோ ஒரு விடை எழுதியாகிவிட்டது. அதன் பெயர் இ.எஸ்.ஐ.

இ.எஸ்.ஐ.யில் தொழிலாளியும் கட்டுகிறார், முதலாளியும் கட்டுகிறார். மகப்பேறு விடுப்புக்கான பணத்தை அங்கே கொடுப்பது முதலாளி இல்லை, இ.எஸ்.ஐ. கழகம். நோய் என்றால் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. எங்கள் பக்கத்து மில் பெண்கள் பலர் தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சீட்டு வைத்திருப்பவர்கள்தான். பிறகு ஏன் அந்த அக்கா வலியைத் தாங்கிக்கொண்டு வேனில் ஏறுகிறார்?

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 49ஆவது பிரிவைப் படித்தால் தெரியும். நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. போன தடவை பணம் வாங்கி 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் அந்த இரண்டு நாள் விலக்கப்படும். மாதவிடாய் வலி பெரும்பாலும் முதல் இரண்டு நாள்தான் கொல்லும். அது திரும்ப வருவதோ 28 நாள் கழித்து. யாரும் திட்டம்போட்டுச் செய்திருக்க மாட்டார்கள். சட்டத்தை எழுதியவர்கள் காய்ச்சலையும் கைமுறிவையும் நினைத்து எழுதினார்கள், அவ்வளவே. ஆனால் அளவெடுத்துத் தைத்தாற்போல மாதவிடாயை மட்டும் கச்சிதமாக வெளியே விட்டுவிட்டது அந்தப் பிரிவு.

மாதவிடாய், மெனோபாஸ், தைராய்டு ஆகியவற்றுக்காக டாக்டர் சீட்டுக் கொடுத்தால் அந்த இரண்டு நாள் காத்திருப்பு பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கூடவே, அப்படி எடுத்த நாளைக் காட்டி அட்டெண்டன்ஸ் போனஸை வெட்டக் கூடாது என்று இன்னொரு வரி. மாதாமாதம் சீட்டுக்கு அலைய முடியாது, வருஷத்துக்கு ஒரு சீட்டு போதும் என்று மூன்றாவது வரி. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதும் இ.எஸ்.ஐ.க்கு வெளியே போய்விடும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பயன்படாது. எங்களுக்கு ராத்திரி ரிலீஸ் கால்களைக் குறைத்தால் போதும், அதை நாங்கள் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். முதலில் அந்த வேனில் ஏறுகிறவர்களுக்கு இந்த மூன்று வரி.